இரண்டு போனுக்கும் திறக்கிற கதவு

நிலாவுக்கு ராக்கெட் விட்டவர்கள் புறப்படும் முன் என் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாதிச் செலவில் போய் வந்திருப்பார்கள். திரும்பும் வழியில் பால் பாக்கெட்டும் வாங்கி வந்திருப்பார்கள். கடலுக்கு அடியில் கேபிள் போட்டவன், வானத்தில் சாட்டிலைட்டை நிறுத்தியவன், இன்னும் இந்த உலகத்தில் எதை எதையோ கண்டுபிடித்த அத்தனை பேரும் எங்கள் வீட்டு உடைசல் அறை வாசலில் கைகட்டி வரிசையில் நிற்க வேண்டியவர்கள். இதை நான் பாசத்தில் சொல்லவில்லை. நான் அவளுக்கு நாத்தனார். எங்கள் பதவிக்கும் பாசத்துக்கும் ஒத்து வராது.

அண்ணியின் வேலை, போனில் ஓடும் ஆப் எழுதுவது. போன்களில் ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று இரண்டு குடும்பம். ஒரு குடும்பத்துப் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. அதனால் காசு உள்ள கம்பெனிகள் ஒரே ஆப்பை இரண்டு கூட்டம் ஆட்களை வைத்து இரண்டு தடவை எழுதும். அண்ணியின் கம்பெனி அப்படிப்பட்டது இல்லை. மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அங்கே ஆட்களை விட நாற்காலி குறைவு. அண்ணி வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு அதுதான் காரணம். அவள் ஒரே தடவைதான் எழுதுவாள். அது இரண்டு போனிலும் ஓடும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. திரையில் ஒரு பட்டன் வை, நாலு எழுத்துக் காட்டு என்பது வரைக்கும் சுலபம்தான். ஆனால் கேமராவைத் தொடு, புளூடூத்தைத் தொடு என்றால் போன் தன் தாய்மொழியில்தான் பதில் சொல்லும். அந்தந்த போனின் மொழியில் யாரோ எழுதி வைத்திருக்கிற சரக்கை இறக்கிக்கொண்டு வந்து, அதற்கும் நம் ஆப்புக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். அந்தச் சரக்குக்கு லைப்ரரி என்று பேர். முதல் தடவை கேட்டபோது படிக்கச் சொல்கிறாளோ என்று எழுந்து ஓடப் பார்த்தேன். பத்தாவது கணக்குப் பரீட்சையோடு எனக்கும் படிப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

லைப்ரரி தனியாகவும் வராது. "சம்பந்தி வீட்டுல ஒருத்தரைக் கூப்பிட்டா அவர் மச்சானையும் கூட்டிட்டு வருவார்ல? அந்த மாதிரிதான்," என்றாள் அண்ணி. சில நேரம் இரண்டு லைப்ரரிகள் ஒரே மச்சானைக் கூட்டி வருமாம். ஒன்று மீசை முளைக்காத காலத்து மச்சானை, இன்னொன்று நரை விழுந்த மச்சானை. ஒரே ஆள், வேறு வேறு பதிப்பு. ஆண்ட்ராய்டு பக்கம் இரண்டில் எது புதுசோ அதை உட்கார வைத்துவிட்டுத் தன் போக்கில் போய்விடும். ஐபோன் பக்கம், "உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு அப்புறம் என்கிட்ட வாங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திவிடும். இந்தப் பஞ்சாயத்துகளைத் தீர்த்து வைப்பதிலேயே அண்ணியின் பிழைப்பில் பாதி போகிறது.

அண்ணி இதற்கென்று படித்தவள் இல்லை. படித்தது கணக்குப் பதிவு. முதல் வேலை போன் ரிப்பேர் கடையில் பில் போடுவது. கண்ணாடி உடைந்த போனைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் "ஆயிடுச்சா, ஆயிடுச்சா" என்று போன் பண்ணி உயிரை வாங்க, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று ராவோடு ராவாக எதையோ கற்றுக்கொண்டு ஒரு ஆப் எழுதினாள். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் எழுதத் தெரிந்தது. கடையில் ஐபோன் கொடுத்திருந்த ஒரே ஒரு வாடிக்கையாளர் மட்டும் விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஆள் என் அண்ணன். அவன் போன் உடைந்தது ஒரு தடவைதான். ஆயிடுச்சா என்று கேட்டது, ஆகி வாங்கிக்கொண்டு வந்த பிறகும் நிற்கவில்லை. அவன் வாயை அடைக்கத்தான் இரண்டு போனுக்கும் சேர்த்து எழுதக் கற்றுக்கொண்டதாக அண்ணி சொல்கிறாள். ஆப் வந்தது. வாய் அடையவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு அவள் கொண்டுவந்த சீர், முதுகோடு முதுகு ஒட்டி ரப்பர் பேண்டு போட்ட இரண்டு போன். முன் பக்கம் ஆண்ட்ராய்டு, பின் பக்கம் ஐபோன். எதை எழுதினாலும் முன்னால் ஒரு தட்டு, திருப்பிப் போட்டு ஒரு தட்டு. அடுப்பில் எதையாவது புரட்டிப் போடுகிற மாதிரியே இருக்கும். அம்மா முதல் வாரத்திலேயே, "அந்தப் பக்கம் வெந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணி சிரித்ததைப் பார்த்து அம்மாவும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. யாராவது ஒருவராவது பதவிக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா?

வேலை செய்ய அவளுக்குக் கிடைத்தது உடைசல் அறை. இஸ்திரி போடும் மேசைதான் அவளுக்கு மேசை. தலைக்கு மேலும் சுவரோரமும் பழைய பெட்டிகள், கால் அருகே ஒரு கால் இல்லாத ஸ்டூல். லேப்டாப் ஐபோனுக்கு ஆப் கட்டத் தொடங்கினால் மிக்ஸி மாதிரி இரையும். லைப்ரரி இறக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இன்டர்நெட்டைத் தொடக் கூடாது. அம்மாவின் சீரியலில் மருமகள் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பாள். இதற்கெல்லாம் பழி வாங்க நான் என் போனின் புளூடூத் பெயரை "ஆவி" என்று மாற்றி வைத்தேன். பக்கத்தில் இருக்கிற கருவிகளை அண்ணி தேடும்போதெல்லாம் திரையில் "ஆவி" வந்து நிற்கும். ஒரு நாள் அவள் கத்திக் கேட்டாள்: "வாலு, ஆவிக்கு சார்ஜ் கம்மியா இருக்கு. போய்ப் போடு."

வாலு என்பது நான்.

இனி பூட்டுக்கு வருகிறேன்.

விடுதி நடத்துகிற ஒரு அம்மா அண்ணியின் கம்பெனிக்கு வந்தார். அவர் விடுதியில் தங்குகிறவர்கள் போகும்போது சோப்பை விட்டுவிட்டுச் சாவியை எடுத்துப் போகிறார்களாம். மாற்றுச் சாவி செய்தே கை ஓய்ந்துவிட்டது. சாவியே வேண்டாம், போனைக் காட்டினால் கதவு திறக்க வேண்டும் என்றார். புளூடூத் பூட்டைச் செய்கிறவர்கள் ஆண்ட்ராய்டுக்கு ஒரு லைப்ரரி, ஐபோனுக்கு ஒரு லைப்ரரி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே ஆப்பில் கட்டுகிற வேலை அண்ணியிடம் வந்தது.

சோதித்துப் பார்க்க ஒரு பூட்டு வேண்டும், பூட்டுக்கு ஒரு கதவு வேண்டும். மருந்துக் கடை மாடி அறைக்கு இருந்தது ஷட்டர். அதனால் பூட்டு எங்கள் உடைசல் அறைக் கதவில் ஏறியது. பொருத்த வந்த தச்சர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எதைங்க திருடிட்டுப் போகப் போறாங்க?" என்றார். அண்ணி என்னைக் காட்டி, "திருட்டு வெளியேருந்து வர்றதில்லைங்க," என்றாள்.

ஆப் முதல் வரியிலிருந்து அவள் எழுதியது. பாலம் மட்டும், புளூடூத்துக்கென்று முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் எழுதி எல்லோருக்கும் இலவசமாக விட்டிருந்தது. மாதக் கணக்கில் கதவு திறந்து திறந்து மூடியது. ஆண்ட்ராய்டு, டக். ஐபோன், டக். எங்கள் வீட்டில் பீரோவை விடப் பத்திரமாக ஒரு கால் இல்லாத ஸ்டூல் பூட்டப்பட்டுக் கிடந்தது.

பிறகுதான் முதலாளி புது மெஷின் வாங்கினார்.

அதுவரை அண்ணியின் லேப்டாப்பில்தான் ஆப் தயாராகும். ஒரே ஆளின் மெஷினை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது என்று அவருக்கு ஒரு கவலை. நியாயமான கவலைதான். புது மெஷினின் வேலை, எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிற நிரலை எடுத்து, தேவைப்படுகிற எல்லா லைப்ரரியையும் புதிதாக இறக்கி, ஆப்பைக் கட்டித் தருவது. அதைத் தயார் செய்தது அண்ணியோடு வேலை பார்க்கிற ஒரு பையன். வீடியோவில் முகத்துக்குப் பதில் தாடிதான் தெரியும் என்பதால் எங்கள் வீட்டில் அவனுக்குத் தாடி என்றே பேர்.

புது மெஷின் கட்டிய ஆப்பை அண்ணி இரண்டு போனிலும் போட்டாள். ஆண்ட்ராய்டில் திறந்தது. ஐபோனில் அழுத்தினாள். "கதவு திறந்தது" என்று பச்சை டிக் போட்டுக் காட்டியது போன். பூட்டில் ஒரு வெளிச்சம் மின்னி, "ம்" என்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. கதவு அசையவில்லை. அண்ணி பிடித்து இழுத்தாள். திரும்ப அழுத்தினாள். திரும்பவும் பச்சை டிக்.

"இவ்வளவு தைரியமா பொய் சொல்ற ஆளை நான் வாலுவுக்கு அப்புறம் இப்பத்தான் பாக்குறேன்," என்றாள்.

அதே போன், அதே பூட்டு. தன் லேப்டாப்பில் கட்டிய ஆப்பைப் போட்டால் திறந்தது. புது மெஷின் கட்டியதைப் போட்டால் திறக்கவில்லை. தாடியைக் கூப்பிட்டாள்.

"என் மெஷின்ல கட்டினா திறக்குதேப்பா."

"அது உங்க மெஷின்க்கா."

"அப்ப உன் மெஷின்ல என்னமோ கோளாறு."

"அது எம்மெஷின் இல்லக்கா, அது யார் மெஷினும் இல்ல. அதுக்குத்தான் வாங்கினோம்."

பூட்டு லைப்ரரியின் பதிப்பு எண்ணை இங்கே பார்த்து அங்கே பார்த்தார்கள். ஒன்றுதான். பாலத்தின் எண்ணும் ஒன்றுதான். மச்சான், மச்சானின் மச்சான் வரைக்கும் எண் எல்லாம் அச்சு அசலாக ஒன்று. அப்படியும் ஒன்று திறக்கிறது, ஒன்று பொய் சொல்கிறது. அண்ணி சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "எவனோ இதுல கை வச்சிருக்கான். அவன் மட்டும் கையில கிடைக்கட்டும்," என்று கோப்பை கழுவும்போது கோப்பையிடம் சொன்னாள்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல மனிதர்தான். கத்த மாட்டார். கத்தாமல் சொல்கிறவர்களிடம்தான் பயம் அதிகம்.

"வர்ற வெள்ளிக்கிழமை விடுதிக்காரம்மா பாக்க வர்றாங்க. பூட்டு உங்க வீட்டுலதான் இருக்கு, அங்கயே கூட்டிட்டு வரேன். புது மெஷின் கட்டினதுதான் போன்ல இருக்கணும். ரெண்டு போன்லயும் திறக்கணும்."

"திறக்கும் சார்."

"திறக்கலேன்னா வெளியில ஒரு கம்பெனிகிட்ட பேசி வச்சிருக்கேன். அவங்ககிட்ட ஆண்ட்ராய்டுக்குத் தனி ஆளு, ஐபோனுக்குத் தனி ஆளு. தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க கேக்குறதுக்கு மட்டும் நீங்க பதில் சொன்னா போதும்."

அண்ணி, "சரி சார்," என்று போனை வைத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றி இரண்டு போனையும் தனித்தனியாக மேசையில் வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், தனித்தனியாக அவை இரண்டும் ரொம்பச் சின்னதாக இருந்தன.

அன்று முழுக்க நான் எந்த வம்பும் செய்யவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அண்ணி ஒரு முடிவோடு எழுந்தாள். "இனிமே இதுவும் என் மெஷின் இல்ல. இன்னிக்குத்தான் கடையிலேருந்து வாங்கி வந்த மெஷின்," என்று தன் லேப்டாப்பைக் காட்டினாள். லைப்ரரி எல்லாம் இறங்கி உட்கார்ந்திருந்த ஃபோல்டரை அழிக்காமல் "பழசு" என்று பேர் மாற்றி ஓரமாக வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கினாள். சீரியல் மருமகள் வாயைத் திறந்தபடி நின்றாள். மிக்ஸி இரைந்தது. கடைசியில் ஐபோனைக் கையில் எடுத்து, மூடிய கதவின் முன் நின்று அழுத்தினாள்.

பச்சை டிக். கதவு அசையவில்லை.

அண்ணி "ஆ!" என்று கத்தி ஒரு குதி குதித்தாள் பாருங்கள், கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"திறந்துடுச்சாம்மா?"

"இல்ல அத்தை! திறக்கல! நம்ம மெஷின்லயும் திறக்கல!"

"அதுக்கா இந்தக் குதி?"

"அத்தை, இத்தனை நாள் அங்க மட்டும் உடம்பு சரியில்ல. இப்ப இங்கயும் வந்துடுச்சு. இனிமே பக்கத்துல வச்சு வைத்தியம் பாக்கலாம்ல!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். ஆனால் எனக்குப் புரிந்தது. பழைய ஃபோல்டரில் இருக்கிற ஏதோ ஒன்று புது ஃபோல்டரில் இல்லை. அது என்ன என்று கண்டுபிடித்தால் போதும்.

இரண்டு ஃபோல்டரையும் அக்கம் பக்கம் வைத்து எது வித்தியாசம் என்று காட்ட ஒரு கருவி இருக்கிறதாம். ஓட விட்டாள். ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒரே ஒரு இடம் மட்டும் சிவப்பாக வந்தது. புண்ணியவான் எழுதிய அந்தப் பாலத்தில், ஐபோன் பக்கம். பழைய ஃபோல்டரில் கொஞ்சம் வரிகள் அதிகமாக இருந்தன. அதற்கு யாரோ வைத்திருந்த பெயரை அண்ணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆங்கில எழுத்தில் "மாமியார்" என்று இருந்தது.

இந்த உலகத்தில் எத்தனையோ பேர் பாலம் கட்டுகிறார்கள். அதில் மாமியார் என்று பெயர் வைக்கிற ஆள் ஒரே ஒருத்திதான். கையில் கிடைக்கட்டும் என்று அண்ணி கோப்பையிடம் சொன்ன அந்த ஆசாமி, அண்ணியின் கைக்குள்ளேயேதான் இருந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். போன் கூப்பிட்டதும் பூட்டு முதலில் "ம், கேட்டுச்சு" என்று சொல்லும். பிறகு "நீ யாரு?" என்று கேட்கும். அதற்குச் சரியான பதில் வந்தால்தான் தாழ் நகரும். ஐபோன் பக்கத்துப் பாலம் அந்த முதல் "ம்" வந்ததுமே காரியம் முடிந்தது என்று நினைத்து இணைப்பை வெட்டிவிடும். மாதங்களுக்கு முன்னால், பூட்டு வந்த புதிதில், அண்ணி இதைக் கண்டுபிடித்து, பூட்டு பேசி முடிக்கும்வரை காத்திருக்கிற மாதிரி நாலு வரி எழுதியிருக்கிறாள். எங்கே எழுதினாள் என்பதில்தான் வினை. இறக்கிய சரக்குக்குள்ளேயே கை வைத்து எழுதிவிட்டாள். இறக்கிய சரக்கு பொது இடத்துக்குப் போவதில்லை. யார் வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்பதால் அதை யாரும் அனுப்புவதில்லை. ஆக, கதவைத் திறந்துகொண்டிருந்த அந்த நாலு வரி, இஸ்திரி மேசை மேல் இருந்த ஒரே ஒரு லேப்டாப்பைத் தவிர இந்தப் பூமியில் எங்கேயும் இல்லை. அப்புறம் சரியாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டவள், கதவு திறந்த சந்தோஷத்தில் மறந்தே போனாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "இதுல எம்பேரு எதுக்கு இருக்கு?"

"உங்க பேர் இல்ல அத்தை. உங்க பதவி."

"என்ன பண்ணுது அது?"

"முழுசாப் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாதுன்னு நிறுத்தி வைக்குது."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "சரியாத்தான் வச்சிருக்க," என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அண்ணி முதலாளியைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஒரு ஆளு மெஷினை நம்பக் கூடாதுன்னு நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தீங்களா?" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை பாக்கலாம்." வைத்துவிட்டார்.

நான் நல்ல யோசனை ஒன்று சொன்னேன். "அண்ணி, உங்க பழைய ஃபோல்டர்ல கட்டின ஆப்பையே போன்ல போட்டு வச்சுருங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"கதவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே," என்றாள் அண்ணி. எனக்கு அந்த மாதிரி பதில்கள் பிடிக்காது. திருப்பி எதுவும் சொல்ல முடியாது.

திருத்தத்தைத் தனியாக ஒரு ஒட்டாக எடுத்தாள். சட்டைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரியேதான். அந்த ஒட்டைத் தன் நிரலோடு சேர்த்துப் பொது இடத்தில் வைத்தாள். இனி எந்த மெஷின் அந்தப் பாலத்தை இறக்கினாலும், இறக்கிய கையோடு ஒட்டையும் போட்டுத் தைத்துக்கொள்ளும். புது மெஷினை ஓட விடு என்று தாடியிடம் சொன்னாள். தாடி ஓட விட்டான். மெஷின் பாதியில் நின்றது.

"ஒட்டு பொருந்தலைன்னு சொல்லுதுக்கா."

"எப்படிப் பொருந்தாம போகும்? அளவெடுத்துத் தச்சதுப்பா."

பார்த்தால், சட்டையே வேறு. புண்ணியவான் அந்த வாரம்தான் பாலத்தின் புதுப் பதிப்பை விட்டிருக்கிறார். எந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பு என்று பூட்டி வைக்க ஒரு கோப்பு உண்டு. ஒட்டு வந்ததும் தாடி அதை அழித்திருந்தான்.

"சுத்தமா முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்னு..." என்று இழுத்தான்.

"தம்பி, நீ வீட்டைப் பெருக்கினா சுவரையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிடுவியா?"

"இனிமே தொட மாட்டேங்க்கா."

அண்ணி ஒவ்வொரு லைப்ரரிக்கும் நேராக, இந்தப் பதிப்புதான், இதற்கு முன்னதும் வேண்டாம் பின்னதும் வேண்டாம் என்று ஆணி அடித்த மாதிரி எழுதினாள். மச்சான்களின் வயசெல்லாம் நின்றுபோனது. அது மட்டும் போதும் என்று விடவில்லை. அந்த நாலு வரியைப் புண்ணியவானுக்கே அனுப்பி, உங்கள் பாலத்தில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது, அடைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். வியாழக்கிழமை பதில் வந்தது. "அருமை, அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். மாமியார் என்றால் என்ன?" என்று கேட்டிருந்தார். அண்ணி விளக்கினாள். அவர் எந்த ஊரோ, எந்த மொழியோ, "எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், பெயர் அப்படியே இருக்கட்டும்" என்று எழுதினார். இதைக் கேட்ட அம்மா, பால்காரரிடம், இஸ்திரிக்காரரிடம், கீழ் வீட்டுக்காரரிடம் எல்லாம் தன்னை உலகம் முழுக்க போனுக்குள் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கீழ் வீட்டுக்காரர் அன்றிலிருந்து கூரையை இடிப்பதில்லை.

புது மெஷின் கட்டிய ஆப் வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்தது. போனில் போட்டு முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது. ஒரு தடவை கூட அழுத்திப் பார்க்க நேரமில்லை.

முதலாளியும் விடுதிக்காரம்மாவும் உள்ளே வந்தார்கள். விடுதிக்காரம்மா கையில் ஒரு பெரிய சாவிக் கொத்து. நடந்தால் சலங்கை மாதிரி சத்தம் வந்தது. அம்மா டீ கொடுத்தாள். அண்ணன் எதற்கோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். மேசையில் சிதறிக் கிடக்கிற கேபிளை எல்லாம் ஒதுக்கி வைக்கிறேன் என்று உடைசல் அறைக்குள் போன நான், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பூட்டில் உள் பக்கம் ஒரு குமிழ் உண்டு. உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக. அதைத் திருகினால் போனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், தாழ் நகரும். ஐபோனில் அழுத்தும்போது பூட்டில் வருகிற சத்தம் எனக்குப் பழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு திருகு. அவ்வளவுதான். இதில் பாசம் கீசம் எதுவும் இல்லை. அண்ணி கையை விட்டு ஆப் போனால் அவள் நாள் முழுக்கச் சும்மா இருப்பாள். சும்மா இருந்தால் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். தற்காப்பு.

வெளியே முதலாளியின் குரல். "முதல்ல ஆண்ட்ராய்டு."

டக். கதவு விரல் அகலம் திறந்து, திரும்ப மூடியது. நான் பழைய பெட்டிகளோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டேன்.

"இப்ப ஐபோன்."

குமிழைப் பிடித்தேன். பூட்டு "ம்" என்றது. அடுத்து என்ன என்று நினைப்பதற்குள், சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருகவில்லை, என் கைக்குள் குமிழ் தானாகத் திரும்பியது. உயிருள்ள எதையோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. விடவும் தோன்றவில்லை. அதே நேரம் வெளியே விடுதிக்காரம்மா ஆர்வம் தாங்காமல் கதவை ஒரே இழுப்பாக இழுத்தார். கதவோடு நானும் போனேன். போய் அவர் சாவிக் கொத்தின் மேல் விழுந்தேன்.



விடுதிக்காரம்மா என்னைப் பார்த்தார். குமிழில் இருந்த என் கையைப் பார்த்தார். "ஓகோ," என்றார். "இப்படித்தான் திறக்குதா?"

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் செருமுவதை நிறுத்திவிட்டான். எனக்கு அப்படியே திரும்ப உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் அண்ணி பட்ட பாடு எல்லாம் என் ஒரு கையில் நாசமாகிவிட்டது.

அண்ணிக்கு முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "வாலு, இந்தப் பக்கம் வந்து நில்லு," என்றாள். பிறகு விடுதிக்காரம்மாவிடம், "உள்ள போய்ப் பாருங்கம்மா. இன்னும் யாராவது இருந்தா அவங்களையும் வெளிய கூப்பிடுங்க."

அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெட்டிகளுக்குப் பின்னால் பார்த்தார். ஸ்டூலைத் தூக்கிப் பார்த்தார். அதன் கீழே எந்த ஆள் இருக்க முடியும் என்பது அவருக்கே வெளிச்சம். வெளியே வந்து கதவைத் தன் கையாலேயே சாத்தினார்.

அண்ணி ஐபோனை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே அழுத்துங்க."

அவர் அழுத்தினார். பூட்டு "ம்" என்றது. நின்றது. "நீ யாரு?" என்று கேட்டிருக்கும். போன் பதில் சொல்லியிருக்கும். அந்த ஒரு நொடியில் எங்கள் வீட்டில் ஃபேன் தவிர எதுவும் அசையவில்லை.

டக்.

காலி அறை திறந்துகொண்டது. விடுதிக்காரம்மா மூடினார். அழுத்தினார். டக். திரும்ப மூடினார். டக். சின்னப் பிள்ளை மாதிரி அவருக்கு நிறுத்த முடியவில்லை. அண்ணி சொன்னாள்: "இப்ப நீங்க உள்ள போங்க. குமிழைச் சும்மா பிடிச்சுக்கங்க. திருகாதீங்க. வாலு அழுத்தட்டும்."

அவரை உள்ளே விட்டுப் பூட்டினோம். நான் அழுத்தினேன். உள்ளிருந்து ஒரு கூச்சல். "அய்யோ, கைக்குள்ள தானா திரும்புதும்மா!" சாவிக் கொத்து குலுங்க அவர் வெளியே வந்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே," என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"எல்லா ரூமுக்கும் போட்டுடுங்க," என்றார் முதலாளியிடம். சாவிக் கொத்தை எங்கள் அம்மா டீ வைத்த மேசையில் போட்டார். "இந்தச் சனியனை இங்கயே விட்டுட்டுப் போகலாம்னு ஆசையா இருக்கு."

முதலாளி செருப்பை மாட்டும்போது அண்ணியிடம், "வெளி ஆளுக்கு இன்னிக்கே சொல்லிடறேன்," என்றார். "என்னன்னு சார்?" "வேண்டாம்னு. இது உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு போனும்." கத்தாமல்தான் சொன்னார். தாடிக்குச் செய்தி போனதும் அந்தப் பக்கத்திலிருந்து வெறும் ஆ, ஊ என்று ஒரு நிமிடம் சத்தம் வந்தது. அண்ணன் அண்ணியைத் தூக்கிச் சுற்ற முயன்று இஸ்திரி மேசையில் இடித்துக்கொண்டான். அம்மா, "என்னாலதான் திறந்துச்சு," என்றாள். யாரும் மறுக்கவில்லை. உண்மை அதுதானே.

எல்லோரும் அடங்கிய பிறகு நான் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தேன். அண்ணி கதவை மறித்து நின்றாள். கையில் இரண்டு போனும் பழையபடி முதுகோடு முதுகாக.

"கை எப்படிக் குமிழுக்குப் போச்சு?"

"கேபிள் ஒதுக்கும்போது வழுக்கிடுச்சு."

"கேபிள் மேசைல இருக்கு. குமிழ் கதவுல இருக்கு."

"ரொம்ப தூரம் வழுக்கிடுச்சு அண்ணி."

அவள் என்னையே பார்த்தாள். நான் மேலே பெட்டிகளைப் பார்த்தேன். அவள் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "பயப்படாத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எதை? நான் ஏமாத்தப் பாத்ததையா?"

"அது எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "உனக்கு என்னைப் பிடிக்கும்கிறதை."